சேலத்து ரோட்டில் 21 ஓடியவர் ஏற்காடு மலையில் 21 ஓட என்ன பழக வேண்டும்?

மூக்கனேரி_காலை

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் ரோட்டு அரை மாரத்தான் ஓடிப் பழக்கம் உண்டு. கடைசியாக ஓடியது 2 மணி 10 நிமிடம். இந்த முறை சேர்வராயன் மலையில் நடக்கிற ஒரு 21 கி.மீ. டிரெயில் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பாதி காப்பித் தோட்டத்து மண் பாதை, கொஞ்சம் ஒற்றையடிப் பாதை, மீதி தார் ரோடு. மொத்த ஏற்றம் 900 மீட்டர், கெடு நாலரை மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஓடுகளம் மூக்கனேரிக் கரை, கன்னங்குறிச்சி ரோடு, கோரிமேடு வரை. எல்லாம் சமதரை. இன்னும் பத்து வாரம் இருக்கிறது. எதை மாற்ற வேண்டும்? எவ்வளவு நேரம் ஆகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? ஏற்கனவே அங்கே ஓடியவர்கள் சொல்லுங்கள்.

ஐந்துரோடு

2:10 ஓடுகிறவருக்கு நாலரை மணி நேரம் தாராளம். பயப்பட ஒன்றும் இல்லை. வாரம் 50 கி.மீ. ரோட்டில் ஒழுங்காக ஓடுங்கள், அதில் ஒரு நாள் வேக ஓட்டம், ஒரு நாள் நீண்ட ஓட்டம். மூச்சு பழகிவிட்டால் தரை எதுவானாலும் சமாளிக்கலாம். அவினாஷ் சாப்ளே தடைகளைத் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸ்காரர்தானே, 2020-ல் டெல்லியில் அரை மாரத்தானை 60 நிமிடம் 30 நொடியில் ஓடி அன்று இந்தியச் சாதனை படைத்தார். அடிப்படை இருந்தால் எங்கே விட்டாலும் ஓடலாம் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்.

அடிவாரம்_20

ஐந்துரோடு சொல்வதில் பாதிதான் சரி. மூச்சு ஏற்றத்துக்கு உதவும். ஆனால் ஏற்காட்டில் ஆட்கள் உட்கார்ந்துவிடுவது ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். கடைசி ஆறு கிலோமீட்டரில் தொடை வெடவெடவென்று நடுங்கி, பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பாருங்கள். அவர்களில் பாதிப் பேர் ரோட்டில் 1:50 ஓடுகிறவர்கள்.

தம்பி, முதலில் நேரக் கணக்கு. டிரெயில் ஓட்டக்காரர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு எளிய வழி இருக்கிறது: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் கூடுதலாக 1 கி.மீ. என்று வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஓட்டம் 21 + 9 = 30. உங்கள் ரோட்டு வேகம் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் பத்து நொடி. 30 கி.மீ.க்கு 3 மணி 5 நிமிடம் வருகிறது. மண், கல், வேர், ஒற்றையடியில் முன்னால் போகிறவருக்குப் பின்னால் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் மூன்றே கால், மூன்றரை. ஆகவே கெடு உங்களுக்குப் போதும். ஆனால் முதல் 5 கி.மீ.யை ரோட்டு வேகத்தில் ஓடினால் போதாது.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர். ஏற்காடு 1500-ஐ ஒட்டி. சேர்வராயன் கோயில் 1600 மீட்டருக்கும் மேலே. இந்த உயரத்துக்குக் காற்று கொஞ்சம் மெலிந்திருக்கும், மூச்சு வழக்கத்தைவிடச் சற்று முன்னதாக வாங்கும், அவ்வளவுதான். அதற்குப் பயந்து ஒரு வாரம் முன்பே போய்த் தங்க வேண்டியதில்லை.

செங்குத்தான ஏற்றத்தில் நடங்கள். வெட்கமே வேண்டாம். ஒரு அளவுக்கு மேல் சரிவு ஏறிவிட்டால் அதே வேகத்தில் ஓடுவதைவிட வேகமாக நடப்பதற்குச் சக்தி குறைவாகச் செலவாகும். கை இரண்டையும் முட்டிக்கு மேலே ஊன்றி, குனிந்து, சின்ன அடி வைத்து நடப்பவர் ஓடுகிறவரைப் பத்தே நிமிடத்தில் பிடித்துவிடுவார்.

தசைநார்

அடிவாரம் சார் சொன்ன இறக்க விஷயத்துக்குக் காரணம் சொல்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட், தொழிலே இதுதான்.

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். இழுபட்டுக்கொண்டே தாங்கும் இந்த வேலையில்தான் தசை நார்களில் நுண்ணிய சேதம் அதிகம். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் சுலபமாக இருக்கிறது என்று மனம் நம்பிவிடும். தசை அதை அப்போது சொல்லாது. வலி உச்சத்துக்கு வருவது இரண்டாம் நாள், மூன்றாம் நாள். மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்களே, அது இதுதான்.

நல்ல செய்தியும் இருக்கிறது. ஒரு முறை மிதமாக இறக்கம் ஓடி வலி வாங்கிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே தசை அதே வேலையைக் குறைந்த சேதத்துடன் தாங்கும். இதற்கு மாதக்கணக்கில் பயிற்சி தேவையில்லை. பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு நல்ல இறக்க ஓட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். கடைசி பத்து நாளில் புதிதாக இறக்கம் ஓடிப் பார்க்கவே கூடாது, அந்த வலியோடுதான் போய் நிற்பீர்கள்.

ஜிம் இல்லை என்றாலும் பரவாயில்லை. ஒரு படியின் மேல் நின்று, ஒரு காலை மூன்று எண்ணும் வரை மெதுவாகக் கீழே இறக்குங்கள். கீழ்க்காலால் உதைத்து ஏறாதீர்கள். பக்கத்துக்கு எட்டு முறை, வாரம் இரண்டு நாள் போதும்.

ஐந்துரோடு

சரி, இறக்கத்தைத் தனியாகப் பழக வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் சேலத்தில் இருந்துகொண்டு எங்கே இறங்குவது? ஒவ்வொரு ஞாயிறும் ஏற்காடு போக எல்லோராலும் முடியாது. நான் ரோட்டையே சொல்வதற்கு அதுவும் காரணம். வேலைக்குப் போகிறவன் விடிகாலை ஐந்து மணிக்கு வாசலில் இருந்தே ஓட ஆரம்பிக்க வேண்டும்.

அம்மாப்பேட்டை_அக்கா

எங்கள் பக்கம் குமரகிரி கோயில் குன்று இருக்கிறதே. படியில் ஏறி, வண்டி போகிற ரோட்டில் இறங்குங்கள். காலையில் கோயிலுக்கு வருகிறவர்கள் இருப்பார்கள், தனியாக ஓடும் பெண்களுக்கும் அச்சம் இல்லை. படியில் ஓடி மட்டும் இறங்காதீர்கள், சாமி கும்பிட வருகிற பெரியவர்கள் மேல் மோதினால் என்ன ஆவது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை யாரும் எழுத மாட்டார்கள் என்பதால் நானே எழுதுகிறேன். பெண்கள் உள்ளூர் பந்தயங்களுக்குக் குறைவாக வருகிறார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் வருத்தப்படுகிறார்கள். காலை ஐந்தரைக்குத் தொடக்கம் என்றால் நாலரைக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. போய்ச் சேர்ந்தால் இருநூறு பேருக்கு இரண்டு கழிப்பறை. டிரெயில் ஓட்டத்தில் பாதையில் எட்டு, பத்து கி.மீ.க்கு ஒன்றுமே கிடையாது. மாதவிடாய் நாளில் மலையில் 21 கி.மீ. ஓடுகிற ஒருத்தி என்ன செய்வாள் என்று திட்டம் போடுகிற மேசையில் ஒருவராவது கேட்டிருந்தால் இப்படி இருக்காது. பதக்கத்தின் எடையைக் குறைத்துவிட்டு அந்தக் காசில் தடுப்புப் போட்ட தற்காலிகக் கழிப்பறை இரண்டு கூடுதலாக வையுங்கள். தண்ணீர் தரும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு பெண் தொண்டர் இருக்கட்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

டீ-சர்ட் அளவும் அப்படியே. எல்லோருக்கும் ஆண்கள் அளவில் தைத்துவிட்டு, சின்ன அளவு தீர்ந்துவிட்டது என்று கையில் எக்ஸ்.எல். கொடுக்கிறார்கள்.

அளவுகோல்

அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. நான் உள்ளூர் ஓட்டங்களில் பாதை அளக்கும் வேலைக்கு உதவுகிறவன். கழிப்பறை விஷயத்தைக் கூட்டத்தில் எழுப்புகிறேன்.

தூரம் பற்றி ஒரு விளக்கம், ஏனென்றால் ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் 'என் வாட்சில் 21.4 காட்டியது, ஏமாற்றிவிட்டார்கள்' என்று சண்டை வருகிறது. அரை மாரத்தான் 21.0975 கி.மீ. முறைப்படி ரோட்டுப் பாதையை அளப்பது சைக்கிளில். முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்தி, நாடாவால் அளந்த ஒரு தூரத்தில் அதைச் சரிபார்த்துவிட்டு, ஓட்டக்காரர் ஓடக்கூடிய ஆகக் குறுகிய கோட்டில் ஓட்டிப் போவோம். வளைவில் உள்பக்க ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி. பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்ப்போம், அரை மாரத்தானுக்கு அது 21 மீட்டர். நீங்கள் வளைவில் வெளிப்பக்கமாக ஓடி, தண்ணீருக்கு எதிர்ப்பக்கம் போய் வந்தால் வாட்சில் கூடத்தான் காட்டும்.

மலையில் கதை வேறு. கொண்டை ஊசி வளைவிலும், சில்வர் ஓக் மரங்கள் அடர்ந்த தோட்டத்திலும் ஜி.பி.எஸ். தடுமாறும். வளைவை வெட்டிக் குறுக்கே கோடு போடும், இல்லையென்றால் அங்குமிங்கும் அலையும். டிரெயில் 21 என்றால் 20-ம் இருக்கலாம், 22-ம் இருக்கலாம். அதில் உங்கள் ரோட்டு நேரத்தை ஒப்பிடாதீர்கள். ஏற்ற அளவு மட்டும் சரியாக இருக்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் வரைபடக் கோப்பு கேட்டு வாங்குங்கள். அதைத் தராத ஓட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

மூக்கனேரி_காலை

எல்லோருக்கும் நன்றி. வரைபடம் கேட்டிருக்கிறேன். குமரகிரி இந்த வாரமே போகிறேன் அக்கா. தண்ணீர் எவ்வளவு எடுத்துப் போவது? சேலத்து ஓட்டத்தில் எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் ஒன்றரை, இரண்டு கி.மீ.க்கு ஒரு முறை கிடைத்தது. இங்கே மூன்றே இடம்தானாம்.

தசைநார்

தாகம் எடுத்தால் குடியுங்கள். மணிக்கு இத்தனை லிட்டர் என்று வற்புறுத்திக் குடிக்க வேண்டாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களிடம்தான் அது முக்கியமாகக் காணப்பட்டது. மெதுவாக, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கு அபாயம் கூடுதல். மலை ஓட்டத்தில் நம்மில் பலர் அந்த நேரத்தில்தான் இருப்போம்.

இரண்டு அரை லிட்டர் குப்பி, ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலம் 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. அரை லிட்டரில் பெரிய பொட்டலத்தை முழுதாகக் கொட்டிவிடாதீர்கள், வயிறு புரட்டும். உப்புக் கடலை, வாழைப்பழம், கடலை மிட்டாய் எதுவானாலும் பயிற்சியில் சாப்பிட்டுப் பார்த்ததை மட்டும் எடுத்துப் போங்கள்.

வெயில் விஷயம் இன்னும் முக்கியம். சேலத்தில் ஏப்ரல், மே மாதத்தில் ரோட்டு ஓட்டம் நடத்துவதே எனக்கு உடன்பாடில்லை. ஓடுகிறவர் உளற ஆரம்பித்தால், தள்ளாடினால், கோபப்பட்டுச் சம்பந்தமில்லாமல் பேசினால் அது வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். 108-க்குக் கூப்பிடுங்கள். ஆனால் அது வரும்வரை சும்மா நிற்காதீர்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீர் இருந்தால் கழுத்து வரை உட்கார வைக்க வேண்டும். தலை முங்காமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நனைத்த துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு விசிற வேண்டும். ஒவ்வொரு முடிவுக் கோட்டிலும் ஒரு தொட்டியும் பத்துக் கட்டி ஐஸும் இருந்தே ஆக வேண்டும்.

அடிவாரம்_20

மலையில் குளிரையும் நினைவில் வையுங்கள். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கோரிமேட்டில் வியர்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் மேலே எட்டு டிகிரி குறைவு. நனைந்த பனியனில் காற்றடிக்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்றால் விரல் மரத்துப்போகும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலை ஓட்டத்தில் 21 பேர் இறந்தார்கள். ஆலங்கட்டி மழை, புயல் காற்று, பலர் அரைக்கால் சட்டையில். காற்றைத் தடுக்கும் மேலுடையைக் கட்டாயப் பொருளாகச் சொல்லியிருக்கவில்லை. ஏற்காடு அந்த அளவுக்குப் போகாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் கைக்குள் அடங்கும் ஒரு மெல்லிய மேலுடை, விசில், முழுதாக சார்ஜ் ஏற்றிய போன், இந்த மூன்றும் இல்லாமல் யாரையும் தொடக்கக் கோட்டைத் தாண்ட விடக் கூடாது.

மழைக்காலத்தில் தேதி வைக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ஆம்புலன்ஸ் ஏற முடியாத நாளில் ஓட்டம் எதற்கு? பணம் திருப்பித் தர வேண்டியிருக்கும் என்பதற்காக ரத்து செய்யத் தயங்குகிறவர்கள் மலையில் ஓட்டம் நடத்தவே கூடாது.

நாகலூர்_மிளகு

நான் ஓடுகிறவன் இல்லை. மேலே ஊர்க்காரன், கொஞ்சம் காப்பி, மிளகு இருக்கிறது. தங்கை மகன் இந்த இழையைக் காட்டினான். படித்துவிட்டு எழுதத் தோன்றியது.

நீங்கள் ஓடுகிற அந்த ஒற்றையடிப் பாதையில்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறார்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிப்பு. பெண்கள் முதுகில் மூட்டையோடு அதே வழியில் இறங்குவார்கள். பின்னால் இருந்து 'வழி, வழி' என்று கத்திக்கொண்டு ஓடி வந்தால் அவர்கள் எங்கே ஒதுங்குவார்கள்? ஒரு பக்கம் செடி, ஒரு பக்கம் சரிவு. நில்லுங்கள். அவர்கள் போன பிறகு ஓடுங்கள். உங்கள் நேரம் அரை நிமிடம் கூடினால் ஒன்றும் ஆகாது.

போன ஓட்டத்துக்கு வழி காட்ட மரத்தில் கட்டிய ரிப்பன் இன்னும் தொங்குகிறது. எங்கள் வேலியோரம், ஓடும்போது நீங்கள் சாப்பிடுகிற ஜெல் பாக்கெட்டின் கிழிந்த முனைகளாகப் பொறுக்கினேன். முழுப் பாக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள், கிழித்த மூலை மட்டும் கீழே விழுந்துவிடுகிறது. மாடு தின்றால் எங்கள் நஷ்டம்.

அப்புறம் காட்டுமாடு. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விடியற்காலையிலும் பொழுது சாய்கிற நேரத்திலும் தோட்டத்துக்குள் நிற்கும். காப்பிச் செடிக்கு நடுவே கரும்பாறை மாதிரி அசையாமல் இருக்கும், முப்பது அடி பக்கத்தில் போகும் வரை தெரியாது. காலில் மட்டும் முட்டிக்குக் கீழே வெள்ளை உறை போட்டது போல் இருக்கும், முதலில் கண்ணில் படுவது அதுதான். பார்த்ததும் நின்றுவிடுங்கள். போனை எடுக்காதீர்கள். கத்தாதீர்கள், கல் எறியாதீர்கள். அதன் கண்ணை விட்டுப் பார்வையை எடுத்து, வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். கூட்டமாக இருந்தால் தானாகவே நகர்ந்துவிடும். ஒற்றைக் கடா என்றால் அது போகிற வரைக்கும் காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிறவருக்கு அது மூச்சு விடுகிற சத்தம் கேட்காது.

அம்மாப்பேட்டை_அக்கா

அண்ணா, நீங்கள் எழுதியது மிக நல்லது. காதில் பாட்டு கூடாது என்பதை மலை ஓட்டங்களில் விதியாகவே வைக்க வேண்டும். வழி கேட்டுக் கத்துவதைப் பற்றி நீங்கள் சொன்னதை எங்கள் ஓட்டக் குழுவில் அப்படியே பகிர்கிறேன்.

ஐந்துரோடு

காட்டுமாடு இருக்கிற இடத்தில் ஓட்டம் நடத்த யார் அனுமதி கொடுக்கிறார்கள்? தோட்டம் தனியார் நிலம், சரி. ஆனால் இடையில் வனத்துறை எல்லை வருமே?

அளவுகோல்

வரும். அதனால்தான் நல்ல ஏற்பாட்டாளர்கள் தோட்டத்துப் பாதையும் ஊராட்சி ரோடுமாகச் சேர்த்து வழி போடுகிறார்கள். காப்புக்காட்டுக்குள் ஒரு அடி வைப்பதானாலும் வனத்துறை அனுமதி எழுத்தில் வேண்டும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. பிப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை சேர்வராயன் சரிவில் புல் காய்ந்து கிடக்கும், அந்த மாதங்களில் பயிற்சிக்கென்று கூடக் காட்டுக்குள் போகாதீர்கள். பதிவு செய்யும் முன் 'எந்தத் தோட்டங்கள் வழியாக, யாருடைய அனுமதியோடு' என்று ஏற்பாட்டாளரைக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

அடிவாரம்_20

அனுமதி, வழி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, இறங்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன் மூக்கனேரி தம்பி. சில்வர் ஓக் இலை உதிர்ந்து கிடக்கும் பாதையில் மேலே பார்த்தால் மெத்தை மாதிரி இருக்கும். அடியில் உருண்டைக் கல்லும் செம்மண் சல்லியும். இலை மேல் குதிகாலை ஊன்றினால் வழுக்கிவிடும். பாதத்தின் நடுவில் இறங்குங்கள், முட்டி எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும், அடி சின்னதாக, சீக்கிரம் சீக்கிரம் விழட்டும். உடம்பைப் பின்னால் சாய்க்கத் தோன்றும், சாய்க்காதீர்கள். பார்வை காலடியில் வேண்டாம், நான்கைந்து எட்டு தள்ளி. கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொள்ளலாம், அழகு பார்க்க அங்கே யாரும் இல்லை.

ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். கணுக்காலை ஒட்டி மேலே ஒரு ஓட்டை சும்மா இருக்குமே, அதில் கயிற்றை வளையமாக விட்டு எதிர்ப்பக்கக் கயிற்றை அதற்குள் நுழைத்து இறுக்குங்கள். குதிகால் பின்னால் பிடித்துக்கொள்ளும், விரல் முன்னால் போய் இடிக்காது. நகத்தை மூன்று நாள் முன்னதாக வெட்டுங்கள். இது செய்யாமல் இறங்கினால் பெருவிரல் நகம் கறுத்துப்போகும்.

ஏற்காடு மெயின் மலைப்பாதையில், அந்த 20 கொண்டை ஊசி வளைவில், இறக்கம் பழகலாம் என்று நினைக்காதீர்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கே பைக்குகள் வளைவில் சாய்ந்து வருகின்றன. பஸ் திரும்பும்போது ஓரத்தில் நிற்க இடமே கிடையாது. ஏறுவதாக இருந்தாலும் விடிவதற்கு முன், பளபளக்கும் பட்டை கட்டிக்கொண்டு, எதிரில் வண்டி வரும் பக்கமாக, அதுவும் இரண்டு மூன்று பேராக.

மூக்கனேரி_காலை

இப்போது தெளிவாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் வழக்கமான ரோடு, ஒரு நாள் குமரகிரி, இரண்டு நாள் படிப் பயிற்சி. மாதம் இரண்டு முறை மேலே. பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு பெரிய இறக்கம் ஒன்று, அதற்குப் பிறகு சமதரை மட்டும். மேலே போகும் முதல் நாளுக்குத் துணை வேண்டும், யாராவது வருகிறீர்களா?

ஐந்துரோடு

நான் வருகிறேன். வரும் ஞாயிறு, முதல் பஸ்ஸில் போய்விடலாம். ஓட்டத்துக்கு முன்னால் ஒரு முறை அந்த வழியை நடந்தே பார்த்துவிடுவோம்.

அம்மாப்பேட்டை_அக்கா

நானும் எங்கள் குழுவில் இரண்டு பேரும். கிழித்த மூலைகளைப் போட ஆளுக்கொரு ஜிப் கவர் கொண்டுவருகிறேன். பழைய ரிப்பனையும் அவிழ்த்துக்கொண்டு வந்துவிடலாம்.

நாகலூர்_மிளகு

வாங்க. சனிக்கிழமை சாயங்காலம் இங்கே ஒரு வரி எழுதுங்கள். எந்தத் தோட்டத்தில் காட்டுமாடு நிற்கிறது, எங்கே மரம் வெட்டுகிறார்கள் என்று விசாரித்துச் சொல்கிறேன். ஊருக்குள் நுழையும் இடத்தில் டீக்கடை ஆறரைக்குத்தான் திறப்பார்கள், அதற்கு முன்னால் வந்தால் தண்ணீர் நம் வீட்டில் பிடித்துக்கொள்ளலாம்.